ஓடுகிற விண்டோஸ் 10-ஐ மாற்றத்தான் வேண்டுமா? (டிடிபி கடைக்காரர்களுக்கு)

12 ஜூலை 2025, வாசகர் கேள்வி

அண்ணே, டிடிபி சென்டர் (கணினியில் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் கடை) வைத்திருக்கிறேன். மூன்று கணினி, மூன்றிலும் விண்டோஸ் 10. அக்டோபர் 14-ஓடு எல்லாம் முடிந்தது, 11-க்கு மாறுங்கள் என்று திரையில் தினமும் செய்தி வருகிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி-யை, அதன் ஆதரவு முடிந்த 2014-க்கு அப்புறமும் நான்கு வருஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும்? பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருள் திறக்காமல் போனால் என் பிழைப்பே போய்விடும். மாறலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

13 ஜூலை, காலை

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நானும் இதே கேள்வியோடு இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். கும்பகோணம் பக்கம் அழைப்பிதழ் கடை. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கருமாதி என எல்லா வேலையும் வரும். என்னிடமும் மூன்று கணினிதான்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 14-க்கு மறுநாள் கணினி நின்றுவிடாது. பேஜ்மேக்கர் திறக்கும், பிரிண்டர் ஓடும், எல்லாம் நேற்றுப் போலவே இருக்கும். முக்கியமாக நிற்பது ஒன்று: மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அதை அடைக்க யாரும் வர மாட்டார்கள்.

என் முதல் எண்ணம்: தொட வேண்டாம். விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டும்தான் (பிட் என்பது கணினி ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவு), பழைய 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதோடு கதை முடிந்தது.

13 ஜூலை, இரவு

காலையில் எழுதியதில் ஒரு பெரிய தவறு. திருத்திவிடுகிறேன், யாராவது அதை நம்பி முடிவெடுத்துவிடப் போகிறீர்கள்.

64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும். இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடாதவை இரண்டு. ஒன்று, 16 பிட் மென்பொருள், அதாவது டாஸ் காலத்துச் சரக்கு. இரண்டு, 32 பிட் டிரைவர், அதாவது பிரிண்டர் போன்ற பொருளைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள். பழைய பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள் (மென்பொருளுக்குப் பூட்டாகக் கணினியில் செருகும் சிறு கருவி) இவற்றுக்கு 64 பிட் டிரைவர் இல்லையென்றால் அந்தப் பொருள் அந்தக் கணினியில் செத்ததுதான். சில பழைய மென்பொருளில் உள்ளே இருப்பது 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவும் கோப்பு மட்டும் 16 பிட்டாக இருக்கும். அதுவும் முதல் படியிலேயே நின்றுவிடும்.

ஆக, பேஜ்மேக்கர் ஓடுமா என்பதை விட, பேஜ்மேக்கரைச் சுற்றி நாம் கட்டி வைத்திருப்பதெல்லாம் ஓடுமா என்றுதான் பார்க்க வேண்டும். எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், பூட்டு, பிரிண்டர், ஸ்கேனர்.

16 ஜூலை

இன்று மூன்று கணினியையும் திறந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.

பில் கணினி: ஐ3 8100, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ஜிஎஸ்டி, வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் இதில்.

டிடிபி கணினி: 2014-ல் அசெம்பிள் செய்தது, நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம். விண்டோஸ் 7 இருந்தது. 2016 ஜூலை 29 வரை இலவசமாக 10-க்கு மாறலாம் என்று விட்டார்களே, அப்போது மாற்றியது. அது 32 பிட், இன்னும் 32 பிட்தான். பேஜ்மேக்கர், கோரல் டிரா, தமிழ் எழுத்துருத் தொகுப்பு, அதன் டாங்கிள், எல்லாம் இங்கே.

மூன்றாவது மகளின் மடிக்கணினி. வாங்கும்போதே 11. அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

விண்டோஸ் 11 கேட்பது: 64 பிட் செயலி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய முறை), செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் தொடங்க விடும் காவல்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி). செயலி இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான். 11 ஏறுமா என்று சொல்லும் மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டினேன். டிடிபி கணினி தேறவில்லை, அது எதிர்பார்த்ததுதான். பில் கணினியும் தேறவில்லை! டிபிஎம் இல்லை என்றது.

அங்கேதான் பலர் புதுக் கணினி வாங்க ஓடுகிறார்கள். நில்லுங்கள். அந்த மதர்போர்டில் டிபிஎம் உண்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையில்) அணைத்து வைத்திருந்தார்கள். இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பயாஸுக்குள் போய் பிடிடியை இயக்கினேன். திரும்ப வந்து சோதித்தால் டிபிஎம் சரி, இப்போது செக்யூர் பூட் இல்லை என்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

20 ஜூலை

எக்ஸ்பி-யை நான்கு வருஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்றீர்களே, அது மனதிலேயே நிற்கிறது.

2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள் வந்தது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நின்றுபோயின. இதைச் சொல்லித்தான் எல்லாரும் "பார்த்தீர்களா, பழைய எக்ஸ்பி வைத்திருந்ததன் பலன்" என்பார்கள். நானும் பல பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அதனால் பழசா புதுசா என்பதை விட்டுவிட்டு, திருத்தம் ஏறுகிறதா, அது இணையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இந்த இரண்டைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் இப்படித்தான் ஒரு நாள் காலை எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் வேறு ஏதோ ஒட்டியிருந்தது. பதினைந்து வருஷத்து வேலை. பேக்கப் எடுத்திருந்தார், ஆனால் அந்த வெளி ஹார்டு டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தார். அதிலிருந்ததும் போயிற்று. அவர் அழுததை நேரில் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு என் கடையில் பேக்கப் டிஸ்க் வேலை முடிந்ததும் கழற்றி பீரோவுக்குள் போய்விடும்.

27 ஜூலை

ஆடி பிறந்து பத்து நாள். பதினெட்டாம் பெருக்கு வரைக்கும்தான் கடையில் காற்று வாங்கலாம், அப்புறம் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். மாற்றுவதென்றால் இப்போதுதான். பில் கணினியில் கை வைத்தேன்.

காலை பத்து மணிக்குப் பேக்கப். முழு டிஸ்க்கின் பிம்பம் ஒன்று, கோப்புகள் மட்டும் தனியாக ஒன்று. இது முடியவே மதியம் ஆகிவிட்டது.

செக்யூர் பூட் வராததற்குக் காரணம், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்ததுதான். முன்பெல்லாம் இதற்கு முழுவதும் அழித்து மறுபடி நிறுவச் சொல்வார்கள். இப்போது விண்டோஸ் 10-லேயே, அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு, கட்டளை தட்டும் கருப்புத் திரையைத் திறந்து, முதலில் சோதிக்க மட்டும் சொன்னேன். தயார் என்றது. பிறகு மாற்றச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோப்பு எதுவும் போகவில்லை. மறுபடி பயாஸ்: பழைய பூட் முறையை அணைத்து யூஇஎஃப்ஐ, பிறகு செக்யூர் பூட். இந்த வரிசை முக்கியம். டிஸ்க்கை மாற்றாமல் பயாஸை முதலில் மாற்றினால் கணினி விண்டோஸைத் தேடிக்கொண்டே நிற்கும்.

அப்புறம் 11-ஐ ஏற்றும் மைக்ரோசாஃப்ட்டின் இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட். 2.20-க்கு ஆரம்பித்து மாலை 4 மணிக்கு முடிந்தது. பில் மென்பொருள், கோப்புகள், வால்பேப்பரில் இருந்த சுவாமிமலை முருகன்வரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது.

பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் திரும்பிப் போகலாம். அதற்கு மேல் பழைய விண்டோஸ் இருக்கும் கோப்புறையை அதுவே அழித்துவிடும். அதனால் அந்த 10 நாளில் கடையின் எல்லா வேலையையும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

28 ஜூலை

வலது கிளிக் மெனு சுருங்கிவிட்டது. பழைய மெனுவுக்கு ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு வலது கிளிக். டாஸ்க்பாரை இடது ஓரத்துக்கு நகர்த்த வழியில்லை. கடைப் பையன் நான்கு வருஷமாக இடது ஓரத்தில் வைத்துப் பழகியவன், நாள் பூராவும் கை அங்கேயே போகிறது என்கிறான். பழகிவிடும்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டிடிபிக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் மாட்டப்போகிறீர்கள்.

சோதனைக்காக 11-ல் பேஜ்மேக்கர் 7-ஐ நிறுவினேன். நிறுவியது, திறந்தது. நிர்வாகியாக இயக்கினால்தான் ஒழுங்காக நடக்கிறது, அது 10-லும் அப்படித்தான். பழைய அழைப்பிதழ் கோப்பைத் திறந்தால் எழுத்துரு இல்லை என்கிறது. எழுத்துருக்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக இரட்டைக் கிளிக் செய்து நிறுவினேன். வேர்டில் எல்லாம் வருகிறது. பேஜ்மேக்கரில் ஒன்றுகூட வரவில்லை. கணினியை நான்கு தடவை அணைத்துப் போட்டேன். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். வெளியே காவிரிக்குப் போகிற கூட்டம், நான் உள்ளே இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காரணம் இதுதான். 2018 வாக்கில் விண்டோஸ் 10-லேயே ஒரு மாற்றம் வந்துவிட்டது. எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் போகும், விண்டோஸின் பொது எழுத்துருக் கோப்புறைக்குப் போகாது. பழைய மென்பொருளுக்குப் பொதுக் கோப்புறை மட்டும்தான் தெரியும். எல்லா எழுத்துருவையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் வலது கிளிக், "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு". அவ்வளவுதான். பேஜ்மேக்கர் பட்டியலில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

என் டிடிபி கணினியில் இது ஏன் வரவில்லை என்றால், அதில் எழுத்துருக்கள் 2016-க்கு முன்பே ஏறியவை.

இன்னொன்று, விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாவைத் தேடுகிறவர்களுக்கு. அது போய்விடவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விருப்ப வசதிகளில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற தொகுப்பைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வரும்.

10 ஆகஸ்ட்

11-ல் டாங்கிள் வேலை செய்யவில்லை. 64 பிட் டிரைவர் இல்லை, செய்து கொடுத்தவர்களின் தொலைபேசி எண்ணும் இப்போது இல்லை. அந்தத் தொகுப்பின் விசைப்பலகை 32 பிட் கணினியைத் தாண்டி வராது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பென் டிரைவிலிருந்தே அதன் ஒரு வகையான மின்ட் 22-ஐ அந்தப் பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தேன். அடடா, என்ன வேகம்! தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக உடனே வந்தது. பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் 1.6-ல் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் உடையாமல் நிற்கிறது. லிப்ரே ஆபீஸ் டிராவில் பேஜ்மேக்கர் கோப்பைக்கூடத் திறக்கலாம். திறந்தேன். வந்தது, ஆனால் பெட்டிகள் இடம் மாறி, வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளே இருப்பதைப் படித்து எடுக்கலாம், அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. பழைய கோப்பு இல்லாதவராக இருந்திருந்தால் இன்றே மாறியிருப்பேன்.

24 ஆகஸ்ட்

சில நாள் முன்பு ஒரு பெரியவர் வந்தார். பக்கத்துக் கிராமத்துக் கோயில் தர்மகர்த்தா. மஞ்சள் பையிலிருந்து ஒரு அழைப்பிதழை எடுத்து மேசையில் வைத்தார். 2013-ல் நான் அடித்துக் கொடுத்தது. "பன்னிரண்டு வருஷம் ஆச்சு தம்பி, கும்பாபிஷேகம் வருது. அதே மாதிரி வேணும், தேதியும் உபயதாரர் பேரும் மட்டும் மாத்துங்க."

அவர் போன பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எக்ஸ்பி-யில் செய்த வேலை. அதற்கு அப்புறம் 7, அப்புறம் 10, இப்போது 11. விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை, முடிவது 2025 அக்டோபர், பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கோயில் கணக்கு பன்னிரண்டு. ஒரு கும்பாபிஷேகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எப்படியும் ஒரு விண்டோஸ் செத்துவிடும். 11-க்கு மாறினாலும் 2037-ல் இந்தக் கோயில்காரர் திரும்ப வரும்போது இதே கேள்வி நிற்கும்.

பழைய சிடியைப் பீரோவிலிருந்து எடுத்தேன். படித்தது. கோப்பை டிடிபி கணினியில் திறந்தால் கும்பமும் தோரணமும் அப்படியே வந்தன. அதே கோப்பை எழுத்துரு இல்லாத மகளின் மடிக்கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டுகிறவர்களுக்குத் தெரியும்: "அம்மா" என்று நாம் பார்ப்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கில விசை. பாமினி எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துரு போனால் கோப்பில் தமிழே இல்லை.

சரி, யூனிகோடுக்கு மாற்றலாம் என்று இறங்கினேன். மாற்றிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு வரிக்கு வரி படித்தாக வேண்டும். பாமினியில் "கொ" என்பது ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று விசை. யூனிகோடில் க, அதன்பின் ஒ-வின் குறி, அவ்வளவுதான். மாற்றி முதலில் "கா"-வை மாற்றிவிட்டால் கொம்பு தனியாக அநாதையாக நிற்கும். "கொடிமரம்" என்ற சொல்லில் எனக்கு அப்படித்தான் நின்றது. சுவாமி பெயரிலும் உபயதாரர் பெயரிலும் இப்படி நின்றால் கடைக்கு யார் வருவார்கள்?

2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசே யூனிகோடைத் தரமாக அறிவித்தது. பதினைந்து வருஷமாக நம் தொழிலில் பெரும்பாலோர் காது கொடுக்கவில்லை, நானும்தான். அந்த அழைப்பிதழை இந்தத் தடவை யூனிகோடிலேயே முழுக்கத் தட்டினேன். இரண்டு நாள் பிடித்தது. அதற்காகக் கூடுதல் பணம் கேட்கவில்லை.

7 செப்டம்பர்

விண்டோஸ் 10-க்குக் கூடுதல் ஒரு வருஷப் பாதுகாப்புக்கு 30 டாலர் கட்ட வேண்டும் என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. வீட்டுக் கணினிகளுக்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள்: 30 டாலர், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் என்ற புள்ளித் திட்டத்தில் 1000 புள்ளி, அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் இலவசம். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ஆக இருக்க வேண்டும். 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வரும், ஒரே கணக்கில் 10 கணினிவரை சேர்க்கலாம். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு: ஒரு கணினிக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரண்டு மடங்கு, அதிகபட்சம் மூன்று வருஷம்.

மாமனார் வீட்டில் பழைய கணினி இருக்கிறது, படம் பார்க்கவும் பேரனோடு பேசவும். அதற்கு இலவச வழியைப் போட்டுக் கொடுத்தேன். புதுசு வாங்க வைத்திருந்த பணத்தை அத்தை கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

11-ஐப் புதிதாக, சுத்தமாக நிறுவுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 11-ன் 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவினால் டிஸ்க்கை அதுவே பூட்டிவிடும். மதர்போர்டு கெட்டாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை மெக்கானிக் பெயரில் திறந்து வைத்திருந்தால் உங்கள் வாழ்நாள் வேலை அவர் கையில். சொந்தக் கணக்கில் போடுங்கள், எண்ணைத் தாளில் அச்சடித்துப் பத்திரத்தோடு வையுங்கள்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

மூன்று கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. டிடிபி கணினிக்குப் பின்னால் துடைக்கும்போது, நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன். திரும்பச் செருகவில்லை.

அதுதான் அந்தக் கணினிக்கு என் முடிவு. அது விண்டோஸ் 10-லேயே இருக்கும், 32 பிட்டிலேயே இருக்கும், டாங்கிளோடு இருக்கும். இணையம் கிடையாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் நேராக அதில் ஏறாது, முதலில் 11-ல் சோதித்து, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே பென் டிரைவில் போகும். ரூபஸ் என்ற கருவியைப் போட்டு டிபிஎம் சோதனையைத் தாண்டி 11 ஏற்றலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். முடியும். ஆனால் எதற்கு? 32 பிட்டிலிருந்து 64-க்கு அப்படியே மேலேற வழியில்லை, அழித்துத்தான் நிறுவ வேண்டும், அழித்தால் டாங்கிள் போயிற்று.

15 அக்டோபர்

நேற்றோடு முடிந்தது. காலையில் கடை திறந்ததும் பையன் டிடிபி கணினியைப் போட்டுவிட்டு, "ஓடுதுண்ணே!" என்று கத்தினான்.

முதலில் கேட்டவருக்கு இப்போது சொல்கிறேன் தம்பி. இணையமும் பணமும் புழங்கும் கணினியை மாற்றுங்கள், இந்த மாதமே. பேஜ்மேக்கர் கணினியை மாற்ற வேண்டாம், கேபிளைக் கழற்றுங்கள். இரண்டையும் ஒரே கணினியில் செய்துகொண்டிருந்தால் இரண்டாவதாக ஒன்று பழையது வாங்கியாவது பிரித்துவிடுங்கள்.

நான் இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு வேலை வைத்திருக்கிறேன். பழைய சிடிகளிலிருந்து தினம் இரண்டு கோப்பு: பிடிஎஃப் ஒன்று, யூனிகோடு உரை ஒன்று, இரண்டும் பீரோ டிஸ்க்கில். முதலில் 2014-ல் அடித்த கோயில்களை எடுத்துக்கொண்டேன். அவர்கள் அடுத்த வருஷம் வருவார்கள்.